ஒரு மணி நேர மசாஜுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்: ஸ்பாவில் நிதானமாக இளைப்பாற ஒரு முழுமையான வழிகாட்டி

முதன்முதலில் ஸ்பாவுக்குப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. மசாஜ் மேசையில் குப்புறப் படுத்து, முகம் பதிக்கும் வளையத்தின் வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கலான வெளிச்சம், மெல்லிய இசை, லாவெண்டர் வாசனை எல்லாம் இருந்தன. நானோ அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டிய ஒரு மின்னஞ்சலை வரிவரியாக மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். தோளை அழுத்திக்கொண்டிருந்த தெரபிஸ்ட் கையை அப்படியே நிறுத்தினார். "மூச்சை அடக்கிப் பிடிச்சிருக்கீங்க மேடம். மெதுவா விடுங்க" என்றார். விட்டேன். தோள்கள் இரண்டும் ஒரு விரல் அளவு கீழே இறங்கின. அவர் சொல்லும்வரை அவை மேலே தூக்கிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது.

அன்று பத்து நிமிடம் தாமதமாக, மூச்சிரைக்க வந்திருந்தேன். மசாஜ் முடிந்த கால் மணி நேரத்தில் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டேன். இரவு படுக்கும்போது கழுத்து பழையபடி கல்லாக இருந்தது. மசாஜில் ஒரு குறையும் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் நான் நேரமே விட்டிருக்கவில்லை. அதற்கப்புறம் பல முறை போய்வந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான். ஸ்பாவில் எந்தச் சிகிச்சையை எடுத்துக்கொள்கிறோம் என்பதைவிட, அதைச் சுற்றி எவ்வளவு காலி நேரம் விடுகிறோம் என்பதில்தான் ஓய்வு இருக்கிறது. ஓய்வுக்கென்று நேரம் ஒதுக்கவே சிரமப்படுகிறவர்களை மனதில் வைத்து, முன்பதிவிலிருந்து வீடு திரும்பும்வரை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: எங்கே இறுகியிருக்கிறது என்று பாருங்கள்

முன்பதிவு செய்வதற்கு முன் மூன்று நாள் உங்கள் உடம்பைக் கவனியுங்கள். வேலைக்கு நடுவில் ஒரு கணம் நிறுத்தி, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். வாய் மூடியிருக்கும்போதும் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதே தாடையின் இயல்பான நிலை. நெற்றி சுருங்கியிருக்கிறதா? உள்ளங்கை எதையாவது இறுகப் பிடித்திருக்கிறதா? மாலையில் கால் கனக்கிறதா, கண் எரிகிறதா? தூக்கம் வர நேரமாகிறதா, வந்த தூக்கம் பாதியில் கலைகிறதா?

இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். "எனக்கு ரிலாக்ஸ் ஆகணும்" என்று தெரபிஸ்டிடம் சொல்வதைவிட, "இரண்டு வாரமாக வலது தோள்பட்டைக்குக் கீழே பிடித்திருக்கிறது, இரவு ஒரு மணிக்கு முழிப்பு வருகிறது" என்று சொன்னால் அவருக்கு வேலை செய்ய ஏதாவது கிடைக்கும்.

படி 2: மருத்துவரிடம் கேட்க வேண்டியது இருந்தால் முதலில் அதை முடியுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சூடும் அழுத்தமும் உடம்பில் நிஜமாகவே வேலை செய்கின்றன. அதனால்தான் சிலருக்கு அவை ஆகாது.

கர்ப்பிணிகள் சூடான தொட்டி, சவுனா (உலர்ந்த சூட்டு அறை), நீராவி அறை மூன்றையும் தவிர்க்க வேண்டும், முதல் மூன்று மாதங்களில் கண்டிப்பாக. அவர்களுக்கென்றே பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் செய்யும் மசாஜ் வேறு, வழக்கமான மசாஜ் வேறு. இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சமீபத்தில் அறுவை சிகிச்சை, காலில் ரத்தக் கட்டி இருந்தவர்கள் மருத்துவர் சரி சொன்ன பிறகே போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அழுத்தமான மசாஜ் செய்தால் எளிதில் கன்றிப்போகும். நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தண்ணீர் சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடக்கூடும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஆறாத புண், தொற்றும் தோல் நோய் இருந்தால் அன்றைக்குப் போகாமல் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அது உங்களுக்கும் நல்லது, அதே தண்ணீரில் இறங்கப்போகிற மற்றவர்களுக்கும் நல்லது.

படி 3: பட்டியலைப் படித்துத் தேர்ந்தெடுப்பது

பல ஸ்பாக்களின் பட்டியல் நீளமாக இருக்கும், பெயர்கள் கவிதையாக இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் நான்கைந்து அடிப்படை முறைகள்தான்.

சுவீடிஷ் மசாஜ் என்பது எண்ணெய் தடவி நீளமாக நீவுவது, பிசைவது, லேசாகத் தட்டுவது ஆகியவற்றின் கலவை. முதல் முறை போகிறவர்களுக்கும், மனம் அலைபாய்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். டீப் டிஷ்யூ என்பது ஆழத்தில் இறுகிய தசையைத் தேடிப்போய் மெதுவாக அழுத்துவது. பலன் உண்டு, ஆனால் அடுத்த ஓரிரு நாள் உடற்பயிற்சி செய்தது போல வலிக்கலாம். நல்ல தூக்கம் வேண்டும் என்று வருகிறவர்கள் இதைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தாய்லாந்தின் மரபான தாய் மசாஜில் எண்ணெய் இல்லை. தளர்வான உடையோடு தரை விரிப்பில் படுக்க வைத்து, கை கால்களை இழுத்து வளைத்து அழுத்துவார்கள். 2019-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் அருவமான பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது ஒத்துப்போகும். சூடான கல் மசாஜில் எரிமலைப் பாறையான பசால்ட் கற்களைத் தண்ணீரில் சூடாக்கிப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கல் சூட்டை நீண்ட நேரம் பிடித்து வைத்திருக்கும். அரோமாதெரபி என்பது வாசனைத் தைலம் கலந்த எண்ணெயில் செய்யும் மென்மையான மசாஜ். எந்தத் தைலத்தையும் நேரடியாகத் தோலில் தடவ விடாதீர்கள், வேறொரு எண்ணெயில் கலந்திருக்க வேண்டும். பெர்கமாட் போன்ற சில எலுமிச்சை வகைத் தைலங்களைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருத்துக் கொப்பளிக்கலாம். அப்படி ஏதாவது பூசினார்களா என்று கேட்டுவிட்டே வெளியே வாருங்கள்.

பட்டியலில் "உடலின் நச்சுகளை வெளியேற்றும்" என்ற வரி இருந்தால் அதற்காகக் காசு கொடுக்க வேண்டாம். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் அன்றாடம் செய்துகொண்டுதான் இருக்கின்றன. வியர்வையில் வெளியேறுவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். சவுனாவில் அரை மணி நேரத்தில் குறைந்த எடை, தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்துவிடும். ஓய்வு என்பதே போதுமான காரணம். அதற்கு மேல் ஒரு சாக்கு தேவையில்லை.

படி 4: இடத்தைப் பார்த்து வாருங்கள்

முடிந்தால் முன்பதிவுக்கு முன் ஒரு முறை நேரில் போங்கள், ஐந்து நிமிடம் போதும். வரவேற்பு மேசையில் இருப்பவர் எவ்வளவு நிதானமாகப் பேசுகிறார் என்று கவனியுங்கள். வாடிக்கையாளர் ஒருவர் வெளியேறுவதற்குள் அடுத்தவரை உள்ளே அனுப்புகிற இடத்தில் தெரபிஸ்டுக்கும் ஓய்வு இருக்காது, நமக்கும் இருக்காது.

தண்ணீர்த் தொட்டி இருக்கிற இடமென்றால் மூக்கை நம்புங்கள். குளோரின் நெடி குப்பென்று அடித்தால் சுத்தமான தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமைன் ஆகும்போதுதான் அந்தக் கண் எரியும் நெடி வருகிறது. நன்றாகப் பராமரிக்கிற தொட்டியில் வாசனை அதிகம் இருக்காது. தொட்டியின் ஓரச் சுவர் வழவழவென்று பாசி போல இருந்தாலோ, தண்ணீர் கலங்கியிருந்தாலோ இறங்காதீர்கள். வெதுவெதுப்பான, சரியாகப் பராமரிக்காத தண்ணீர் லெஜியனெல்லா என்ற கிருமிக்கு ஏற்ற இடம். குமிழி அடிக்கும் தொட்டியின் நீர்த்துளிகளை மூச்சில் இழுத்தால் அது நுரையீரலைத் தாக்கக்கூடும். தண்ணீரை எத்தனை மணிக்கு ஒரு முறை சோதிக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் குறித்துவைத்த பலகையையே காட்டுவார்கள்.

படி 5: நேரம் ஒதுக்குவது

இதுதான் முக்கியமான படி.

ஸ்பா என்ற சொல் பெல்ஜியத்தில் இருக்கும் ஸ்பா என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது. இரும்புச் சத்தும் வாயுவும் கலந்த குளிர்ந்த ஊற்றுநீருக்குப் பெயர்போன ஊர் அது. 2021-ல் யுனெஸ்கோ ஐரோப்பாவின் மகத்தான ஸ்பா நகரங்கள் என்று 7 நாடுகளில் இருக்கும் 11 ஊர்களை உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அதுவும் அதில் இடம்பெற்றது. அந்த ஊர்களுக்கு மக்கள் வாரக்கணக்கில் போய்த் தங்கினார்கள். காலையில் ஊற்றுநீர், அப்புறம் நடை, குளியல், மரநிழலில் ஓய்வு, மறுநாளும் அதே. பிரான்சில் இன்றும் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் வெந்நீரூற்றுச் சிகிச்சை 18 நாள் நடக்கிறது. மூன்று வாரத்தில் செய்துவந்ததை நாம் 60 நிமிடத்துக்குள் மடித்து வைத்திருக்கிறோம். மூன்று வாரம் நம்மில் யாருக்கும் கிடைக்காது, சரி. அரை நாளாவது கிடைக்கும் அல்லவா?

என் கணக்கு இது. 60 நிமிட மசாஜுக்கு நான்கு மணி நேரம். போய்ச் சேர அவசரமில்லாத பயண நேரம், சிகிச்சைக்கு முன் 45 நிமிடம், பிறகு குறைந்தது ஒரு மணி நேரம், மீதி வீடு திரும்ப. மூன்றரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் சிகிச்சையை 30 நிமிடமாகக் குறையுங்கள். சுற்றியுள்ள நேரத்தைக் குறைக்காதீர்கள். இதைச் சொன்னால் பலருக்கும் காசை வீணாக்குவது போலத் தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு விதமாகவும் செய்து பார்த்த பிறகு, 90 நிமிட மசாஜ் எடுத்து ஓடியதைவிட 30 நிமிட மசாஜ் எடுத்து உட்கார்ந்திருந்த நாட்களே உடம்பில் தங்கின.

நாள் முடிவில் வைத்துக்கொண்டால் நல்லது, அதன் பிறகு செய்ய எதுவும் இருக்கக் கூடாது. விடுமுறை நாளின் உச்ச நேரத்தைவிட வார நாளின் பிற்பகல் அமைதியாக இருக்கும். நாட்காட்டியில் எழுதும்போது "ஸ்பா 3–4" என்று எழுதாமல் "வெளியே 2–6" என்று எழுதி வையுங்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

படி 6: அன்றைய தினம்

சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெறும் வயிறும் வேண்டாம், சூட்டில் தலை சுற்றும். காலையிலிருந்தே தண்ணீர் குடித்துவாருங்கள். மது அறவே கூடாது. சூடும் மதுவும் இரண்டுமே ரத்தக் குழாய்களை விரிப்பவை, சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும்.

அன்று காலையில் ஷேவ் செய்யாதீர்கள், உப்புத் தேய்ப்பும் எண்ணெயும் எரியும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி வையுங்கள். சங்கிலி, மோதிரம், கம்மலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சவுனாவில் உலோகம் சூடேறித் தோலைச் சுடும்.

படி 7: வாசலிலிருந்து லாக்கர் வரை

ஒரு படிவம் தருவார்கள். மருந்து, ஒவ்வாமை, அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் உண்மையாக எழுதுங்கள். தெரபிஸ்ட் ஆணா பெண்ணா என்பதில் உங்களுக்கு விருப்பம் இருந்தால் அதை இங்கேயே சொல்லுங்கள். எவ்வளவு உடை கழற்ற வேண்டும் என்று தெரியாவிட்டால் கேட்டுவிடுங்கள். உங்களுக்குச் சங்கடமில்லாத அளவே சரியான அளவு. நல்ல தெரபிஸ்ட் வேலை செய்யும் இடத்தை மட்டும் திறந்து, மற்றதை டவலால் மூடியே வைத்திருப்பார்.

கைபேசியை அணைத்து லாக்கரில் வையுங்கள். சைலண்டில் போட்டு அங்கிப் பையில் வைத்துக்கொள்வது போதாது. அவசரத்துக்கு யாராவது தேடக்கூடும் என்றால் ஸ்பாவின் எண்ணை அவர்களிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். லாக்கர் கதவு மூடிய பிறகும் முதல் பத்து நிமிடம் கை தானாகப் பையைத் துழாவும். அது அடங்கத்தான் அந்த 45 நிமிடத்தை ஒதுக்கினோம்.

நடையை மெதுவாக்குங்கள். ஸ்பாவின் ஈரத் தரையில் இது பாதுகாப்புக்கும் நல்லது. செருப்பின் சத்தம் காதில் விழுகிற வேகத்தில் நடந்தால் போதும்.

படி 8: சூடும் தண்ணீரும்

மசாஜுக்கு முன் உடம்பைச் சூடாக்கிக்கொண்டால் தசை இளகி, தெரபிஸ்ட் பாதி நேரத்தில் உள்ளே போய்விடுவார். ரோமானியர்கள் குளியல் கூடங்களில் வெதுவெதுப்பான அறை, சூடான அறை, குளிர்ந்த அறை என்று வரிசைப்படுத்திக் கட்டினார்கள். உடம்பைச் சட்டென்று சூட்டில் தள்ளாமல் இடையில் ஒரு வெதுவெதுப்பான அறையில் உட்கார வைத்த அந்த யோசனை இன்றும் சரியானது.

முதலில் சோப்புப் போட்டுக் குளியுங்கள். ஜப்பானின் வெந்நீரூற்றுக் குளியல்களில் உடம்பைக் கழுவாமல் யாரும் தொட்டியில் கால் வைக்க மாட்டார்கள். குளித்து, துடைத்து, பிறகு சூட்டுக்குப் போங்கள். ஈர உடம்பு வியர்க்க நேரமாகும்.

சவுனாவும் நீராவி அறையும் ஒன்றல்ல. சவுனாவில் வெப்பம் வழக்கமாக 80 முதல் 100 டிகிரி செல்சியஸ்வரை இருக்கும், காற்று உலர்ந்திருக்கும். நீராவி அறையில் 40 முதல் 50 டிகிரிதான், ஆனால் காற்று முழுக்க ஈரம். வியர்வை ஆவியாக முடியாததால் உடம்பு குளிர வழியில்லாமல், அந்தக் குறைந்த சூடே கனமாகத் தெரியும். இருமலும் மூக்கடைப்பும் உள்ளவர்களுக்கு நீராவி இதமாக இருக்கும். மூச்சு முட்டுவது போல உணர்கிறவர்கள் சவுனாவின் கீழ்த்தட்டில் உட்காரலாம். சூடு மேலே ஏறும் என்பதால் கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. பின்லாந்தின் சவுனாப் பண்பாடு 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே சூடான கற்களின் மேல் தண்ணீர் தெளிக்கும்போது எழும் ஆவிக்கென்றே ஒரு தனிச் சொல் இருக்கிறது, லோய்லு.

முதல் முறை என்றால் 8 நிமிடம் போதும். பழகியவர்களும் 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அடியில் ஒரு டவலை விரித்துக்கொள்ளுங்கள். படுத்திருந்தால் கடைசி இரண்டு நிமிடம் எழுந்து கால்களைத் தொங்கவிட்டு உட்காருங்கள், பிறகுதான் நிற்க வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு முறை நீராவி அறையில் இருபது நிமிடம் கிடந்துவிட்டு, மசாஜ் நேரம் வந்துவிட்டது என்று சட்டென எழுந்தேன். கண் இருட்டி, காதுக்குள் இரைச்சல் கேட்டு, சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். சூட்டில் விரிந்த ரத்தக் குழாய்களால் எழுந்த வேகத்தில் ரத்தத்தை மூளைக்கு அனுப்ப முடியவில்லை. உள்ளே இருந்த இன்னொருவர் கதவைத் திறந்து ஆளைக் கூப்பிட்டார். தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. கூச்சப்படாமல் வெளியே வந்துவிடுங்கள். கதவு உங்களுக்காகத்தான் இருக்கிறது.

வெளியே வந்ததும் உட்கார்ந்த அளவு நேரம் குளிர்ச்சியில் இருங்கள். வெதுவெதுப்பான ஷவர் போதும். குளிர்நீர்த் தொட்டியில் இறங்க ஆசையென்றால் பாதம், முழங்கால், கை என்று ஒவ்வொன்றாக நனைத்து இறங்குங்கள், தலை குப்புறக் குதிக்காதீர்கள். குளிர்நீர் பட்டவுடன் மூச்சு தானாக உள்ளே இழுபடும், இதயம் வேகமெடுக்கும். அந்த முதல் ஒரு நிமிடத்தில் செய்ய வேண்டியது, மூச்சை நீளமாக வெளியே விடுவது மட்டும்தான். இதயக் கோளாறு உள்ளவர்கள் குளிர்நீர்த் தொட்டியை விட்டுவிடுங்கள்.

குமிழித் தொட்டியின் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இறங்க வேண்டாம். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தால் கால்களில் தங்கிய ரத்தத்தை நீரின் அழுத்தம் மார்புப் பக்கம் தள்ளும். உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் எடுத்துக்கொண்டு சிறுநீரகத்துக்குச் சேதி அனுப்பும். தொட்டியில் இருந்தால் அடிக்கடி சிறுநீர் வருவது அதனால்தான். மசாஜுக்கு முன் மறக்காமல் கழிவறைக்குப் போய் வாருங்கள். மேசையில் படுத்த பிறகு அந்த நினைப்பு வந்தால் எல்லாம் கெடும்.

இந்தச் சுற்றை இரண்டு முறை செய்தால் போதும். மூன்றாவது அவரவர் விருப்பம். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஒரு குவளை தண்ணீர்.

படி 9: மசாஜ் மேசையில்

முதலில் உங்கள் எடை முழுவதையும் மேசையிடம் கொடுங்கள். நாம் படுத்திருக்கும்போதும் தலையை நாமே தூக்கிப் பிடித்திருப்போம், கையை நாமே தாங்கியிருப்போம். தெரபிஸ்ட் உங்கள் கையைத் தூக்கும்போது நீங்களும் சேர்ந்து தூக்கினால், இன்னும் வேலையில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். கையைப் பிறர் தூக்கட்டும் என்று விட்டுப் பாருங்கள். கேட்க எளிதாக இருக்கும், செய்யப் பழக எனக்கு மூன்று முறை தேவைப்பட்டது.

அடுத்தது மூச்சு. மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கி வரும் வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. உள்ளே நான்கு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம் அப்படிச் செய்த பிறகு எண்ணுவதை விட்டுவிடுங்கள்.

அழுத்தத்தைப் பற்றிப் பேசத் தயங்காதீர்கள். வலித்தால்தான் பலன் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்கள் நிறையப் பேர். அதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது, மூச்சு. அழுத்தும்போது உங்களால் நிதானமாக மூச்சு விட முடிந்தால் அழுத்தம் சரி. மூச்சை அடக்கினால், கால் விரல் சுருண்டால், அது உங்களுக்கு அதிகம். "கொஞ்சம் மெதுவா" என்ற இரண்டு சொல் போதும். குளிர்கிறது, இசை சத்தமாக இருக்கிறது, அந்த இடத்தைத் தொட வேண்டாம் என்பதையும் அப்படியே சொல்லலாம். எதுவாவது சரியில்லை என்று தோன்றினால் எந்த நிமிடத்திலும் நிறுத்தச் சொல்லி எழுந்துவிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மெதுவான கை ஏன் இவ்வளவு இதமாக இருக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. எனக்கு இதைப் படித்த நாளிலிருந்து மனதை விட்டு அகலவே இல்லை. நம் தோலில், முடியுள்ள பகுதிகளில், சி-டாக்டைல் என்ற மெல்லிய நரம்பு இழைகள் இருக்கின்றன. எங்கே தொட்டார்கள், என்ன தொட்டது என்பதை இவை அவ்வளவாகச் சொல்வதில்லை. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடம்புச் சூட்டோடு ஒரு கை நீவும்போதுதான் இவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. அதைவிட வேகமாகப் போனால் அடங்கிவிடுகின்றன. தாய் குழந்தையின் முதுகைத் தடவும் வேகமும் அதுதான். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு முறை நீவ ஐந்தாறு நொடி எடுத்துப் பாருங்கள், இப்போதே, உங்கள் கையிலேயே. நிதானத்தை மட்டும் கேட்கிற நரம்புகள் நம் தோலுக்குள் இருக்கின்றன.

நடுவில் வயிறு கடமுடவென்று சத்தம் போடலாம். செரிமானத்தைக் கவனிக்கும் நரம்பு மண்டலம் பொறுப்பை எடுத்துக்கொண்டதன் அடையாளம் அது. தூக்கம் வந்தால் தூங்குங்கள், குறட்டை விட்டாலும் அவர்களுக்குப் பழக்கம்தான். சிலருக்குக் காரணமில்லாமல் கண்ணீர் வரும். எனக்கும் ஒரு முறை, பாதத்தைப் பிடித்துவிடும்போது வந்தது. தெரபிஸ்ட் ஒன்றும் கேட்காமல் ஒரு டிஷ்யூவை மட்டும் என் கைப்பக்கம் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அவர் பேசாமல் இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. பேச விருப்பமில்லை என்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

படி 10: முடிந்த பிறகு

தெரபிஸ்ட் "மெதுவா எழுந்திருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போவார். அதை அப்படியே செய்யுங்கள். பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்து, ஒரு நிமிடம் இருந்து, பிறகு தரையில் கால் வையுங்கள்.

ஜெர்மனியின் பாடன்-பாடனில் 1877-ல் திறந்த ஃபிரீட்ரிக்ஸ்பாட் என்ற குளியல் கூடம் இருக்கிறது. ஷவர், சூடான காற்று, தேய்ப்பு, நீராவி, தொட்டிகள் என்று 17 நிலைகளாக வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அதில் கடைசி இரண்டும் ஓய்வறையும் வாசிக்கும் அறையும். போர்வைக்குள் அரை மணி நேரம் சும்மா படுத்திருப்பதையும் குளியலின் ஒரு நிலையாகவே எண்ணிக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். நாமோ அந்த நிலைக்கு முன்பே எழுந்து, பணம் கட்டி, வண்டியைக் கிளப்பிவிடுகிறோம்.

ஓய்வறை இருந்தால் அங்கே 40 நிமிடமாவது இருங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு மரநிழலோ அமைதியான இருக்கையோ போதும். தண்ணீரோ சூடாக ஏதாவதோ குடியுங்கள். போர்த்திக்கொள்ளுங்கள், விரிந்த ரத்தக் குழாய்கள் வழியாகச் சூடு போய்க்கொண்டிருப்பதால் சீக்கிரம் குளிரும். முதல் பத்து நிமிடத்தில் மனம் அடுத்த வேலைகளை வரிசைகட்டிக்கொண்டு வரும். அதோடு சண்டை போட வேண்டாம். சுவரில் விழும் வெளிச்சத்தையோ காற்றில் ஆடும் திரையையோ பார்த்துக்கொண்டிருங்கள். இருபதாவது நிமிடம் சுமாருக்கு ஒரு பெருமூச்சு தானாக வரும். எனக்கு எப்போதும் அந்த மூச்சுக்கு அப்புறம்தான் ஓய்வு தொடங்குகிறது.

தலை கிறுகிறுப்பாகவோ தூக்கக் கலக்கமாகவோ இருந்தால் வண்டி ஓட்டாதீர்கள். கைபேசியை வீட்டுக்குப் போன பிறகு திறக்கலாம்.

படி 11: வீட்டில்

அன்று இரவு கடின உடற்பயிற்சி வேண்டாம். எண்ணெயை உடனே கழுவ வேண்டிய அவசியமில்லை, ஒவ்வாமை இருந்தால் மட்டும் கழுவிவிடுங்கள். டீப் டிஷ்யூ செய்திருந்தால் மறுநாள் வரும் லேசான வலி ஓரிரு நாளில் போகும். அதற்கு மேல் நீடித்தாலோ வீங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை போகலாம் என்று கேட்பவர்களுக்கு, கடன் இல்லாமல், விடுப்புக்காகத் தவிக்காமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்பதே என் பதில். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரை நாளை முழுமையாகக் கொடுப்பது, வாரா வாரம் ஓடிவந்து ஓடிப்போவதைவிட மேல்.

நடுவில் இருக்கும் வாரங்களுக்கு வீட்டுக் குளியலறையே போதும். தூங்குவதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு முன், 40 முதல் 42.5 டிகிரி சூடுள்ள தண்ணீரில் 10 நிமிடம் இருந்தாலே தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. சூட்டில் கை கால்களுக்கு ரத்தம் பாய்ந்து, அதன் வழியே உடம்பின் உட்சூடு இறங்குகிறது. அந்த இறக்கம்தான் உடம்புக்குத் தூங்கும் நேரம் என்று சொல்கிறது. தொட்டி இல்லாதவர்கள் பாதங்களை மட்டும் நனைக்கலாம். கணுக்காலுக்கு மேல் மூழ்கும் அளவு வாளியில் தண்ணீர் எடுங்கள். சூட்டைப் பாதத்தால் பார்க்காமல் முழங்கையால் தொட்டுப் பாருங்கள், சுடாமல் இதமாக இருக்க வேண்டும். அறை விளக்கை அணைத்து, மங்கலான ஒன்றை மட்டும் விடுங்கள். கால் மணி நேரத்தில் தண்ணீர் ஆறத் தொடங்கும்போது கால்களை எடுத்து, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, பாதத்தில் எண்ணெய் தடவி, குதிகாலிலிருந்து விரல்வரை மெதுவாக நீவுங்கள். ஒரு பாதத்துக்கு ஐந்து நிமிடம். கைபேசி அடுத்த அறையிலேயே இருக்கட்டும்.